பதினேழாம் நம்பர் பெட்டி

அப்பாவின் எடை கூடியிருந்தது.

காலையில் பெட்டிக்குள் வைத்தபோது நாற்பத்து மூன்று கிலோ. இப்போது செல்போன் திரை அறுபத்தேழு என்றது. கிறிஸ்டி திரையை விரலால் கீழே இழுத்து விட்டுப் பார்த்தாள். நாற்பத்து மூன்று. எங்கேயோ வயர் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நினைக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. விடியற்காலையில் அப்பாவின் கை அவள் கைக்குள் தளர்ந்ததிலிருந்து அவள் இன்னும் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

வரதராஜன்பேட்டையில் அன்றைக்கு அடித்தது கத்திரி வெயில். தெருவில் போட்டிருந்த சாமியானாத் துணி காற்றில்லாமல் தொங்கியது. கூடத்தில் மெழுகுவர்த்தி உருகும் வாடையும், ரோஜா மாலை வெந்து வாடும் வாடையும், வேர்வையும், யாரோ தெளித்துவிட்டுப் போன பன்னீரும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்கின. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தொடங்க மறுபக்கம் முடிக்க, அந்த முணுமுணுப்புக்கு அடியில் ஐஸ் பெட்டியின் மோட்டார் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. கிறிஸ்டி அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு, அந்த உறுமலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டி அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் பெட்டிதான், பதினேழாம் நம்பர். ஜெயங்கொண்டத்து ராஜதுரை நடத்தும் கம்பெனி; செந்துறை, தா.பழூர், உடையார்பாளையம் என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் அவருடைய ஐஸ் பெட்டிதான் போகும். அப்பா படுக்கையில் விழுந்தபோது சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த கிறிஸ்டிக்கு, வீட்டில் இருந்தபடியே செய்ய அவர் ஒரு வேலை கொடுத்தார். எல்லாப் பெட்டியையும் இன்டர்நெட்டில் இணைத்துவிட வேண்டும். அவள் இணைத்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அதில் ஒரு சிம். சிம் வழியாகப் பெட்டி கிளவுடோடு பேசும். கிளவுடில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பேர். அந்தப் பேருக்குக் கீழே இரண்டு வரிசை. ஒன்றில் அவள் கேட்பது, இன்னொன்றில் பெட்டி சொல்வது. மூன்று டிகிரி வேண்டும் என்று இவள் இங்கிருந்து அனுப்பினால், பெட்டி எந்த ஊரில் இருந்தாலும் கேட்டுக்கொண்டு, மூன்றுக்கு வந்துவிட்டேன் என்று பதில் சொல்லும். உள்ளே எடை இறங்கினால் பெட்டி காலி, அடுத்த வீட்டுக்கு வண்டி அனுப்பலாம்.

மூடிக்கும் ஒரு பூட்டு வைத்திருந்தாள். துக்க வீட்டில் வருகிறவர்கள் எல்லாம் மூடியைத் திறந்து முகத்தைத் தடவி அழுவார்கள், குளிர் நிற்காது. வேண்டாம் என்று அவர்களிடம் யார் சொல்வது? அதனால் மூடியின் விளிம்பில் ஒரு தாழ்ப்பாள், போனில் சொன்னால் மட்டும் திறப்பது. யாராவது மூடியை இழுத்தால் போனுக்குச் செய்தி வரும். கூடவே அவள் ஒரு விதியும் எழுதிவைத்திருந்தாள்: இழுத்தால் தாழ்ப்பாளை மறுபடி இறுக்கு, குளிர் கசிந்திருக்கும், அதனால் இரண்டு டிகிரி இறக்கு. யாரும் கைவைக்காமலே தானாக நடக்கும். ராஜதுரை அதைப் பார்த்துவிட்டு அசந்துபோய், எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

போன் திரையில் மூன்று டிகிரி என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்து நாலு ஆனது. பிறகு மூன்று. எடை நாற்பத்து மூன்று. பிறகு அறுபத்தேழு.

"ஏம்மா கிறிஸ்டி, ஒரு வாய் கஞ்சியாவது குடிச்சிட்டு உக்காரேன்." அத்தை லீலா மேரி டம்ளரோடு வந்து நின்றாள். அப்பாவின் தங்கை. அழுது அழுது கண் இடுங்கிப்போயிருந்தது. "சாம் எங்க வர்றானாம்?"

"பிளைட் ஏறிட்டான் அத்தை. பொழுது சாய மெட்ராஸ் வந்துருவான். அங்கேருந்து கார்."

"அவன் வந்து மூஞ்சியப் பாக்கணும். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிரப்படாது."

"ஆகாது அத்தை."

இருபத்து நாலு என்று காட்டுவது கோளாறாகவே இருக்கட்டும். இருந்தாலும் கவனமாக இருப்போம் என்று, பூட்டச் சொல்லியும் ஒரு டிகிரிக்கு இறக்கச் சொல்லியும் கிறிஸ்டி அனுப்பினாள். பெட்டி ஒப்புக்கொண்டது. பூட்டியது. இறங்கத் தொடங்கியது.

அவள் எழுந்து கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே அப்பா படுத்திருந்தார். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த அடைக்கலசாமி, வெள்ளைச் சட்டை, கையில் சிலுவை, மூக்கில் பஞ்சு. காலையில் அவரைத் தூக்கி உள்ளே வைத்தது கம்பெனி வேன் டிரைவர் இளையபெருமாள். ஐம்பது தாண்டியவர். மற்றவர்கள் கைவைக்க வந்தபோது, "வுடுங்க, வாத்தியாருகிட்ட பிரம்படி வாங்குனவன் நானு, நானே வைக்கிறேன்" என்று தனியாகவே தூக்கினார். வெயிலுக்கு ஊரெங்கும் சாவு, இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை என்று சொல்லி, ஒரு வாய் காப்பி மட்டும் குடித்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா இந்தப் பெட்டியை விரும்பியதே இல்லை. போன மாதம்கூட, மகள் மடிக்கணினியில் பெட்டிகளை மேய்த்துக்கொண்டிருந்ததைக் கட்டிலில் இருந்து பார்த்துவிட்டு, "என்னைய அதுல மட்டும் வச்சிறாதம்மா. குளிரு எனக்கு ஆவாது. அன்னைக்கே கொண்டுபோயி பொதைச்சிருங்க" என்றார். அவள் சரி என்றாள். குவைத்திலிருந்து அண்ணன் சாம் போனில் கதறி, நான் வரும்வரை வைத்திரு என்றபோது, அவனிடமும் சரி என்றாள். இரண்டு சரியில் ஒன்று பொய்யாகத்தான் வேண்டும். அதைக்கூட அவள் வெறும் கணக்காகத்தான் நினைத்தாள், வலிக்கவில்லை.

கையில் போன் அதிர்ந்தது.

பதினேழாம் நம்பர் பெட்டி. மூடி இழுக்கப்படுகிறது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். எல்லார் கையிலும் ஜெபமாலை. ஒரு கைகூடப் பெட்டியின் மேல் இல்லை. கண்ணாடியின் மேல் வைத்த மாலை வைத்த இடத்திலேயே இருந்தது.

மூடி இழுக்கப்படுகிறது. பூட்டு இறுக்கப்பட்டது. இரண்டு டிகிரி இறக்கப்பட்டது.

அவள் மெதுவாக நடந்து பெட்டியருகே போனாள். உள்ளங்கையை மூடியின் விளிம்பில் வைத்தாள். சில்லென்றிருந்தது. மோட்டாரின் நடுக்கம் எலும்பு வரை ஏறியது. வேறு அசைவில்லை. இன்னொரு கையில் இருந்த போன் மறுபடி அதிர்ந்தது. இழுக்கப்படுகிறது. அவள் கைக்கடியில் மூடி அசையவில்லை. இழுக்கப்படுகிறது. அப்பாவின் இமை அசையவில்லை, விரல் அசையவில்லை, சிலுவை சரியவில்லை. இழுக்கப்படுகிறது.

அவள் கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். அத்தை அவளைப் பார்த்து, பாவம் அப்பாவைப் பிரிய மனசில்லை என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

திறந்து பார்த்திருக்கலாம். போனில் ஒரு வார்த்தைதான். அத்தையிடம் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்ற ஆண்கள் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஆனால் திறந்து, அப்பா கண்ணை விழித்து, நீ சரின்னு சொன்னியே என்று கேட்டுவிட்டால்? இல்லை, அப்பா போய்விட்டார். டாக்டர் பார்த்தார். இவளே தாடையைக் கட்டினாள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். போனவர் எதற்கு இழுக்க வேண்டும்? குளிருகிறது என்றா?

கிறிஸ்டி அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். படியில் உட்கார்ந்தாள். போனின் அதிர்வை அணைத்தாள். செய்தி வந்தாலும் இனிமேல் சத்தம் வராது. விதி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்காகத்தானே எழுதினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப் பார்த்தாள். திரை நிறைய ஒரே வரி. அடுத்தடுத்து. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு. பிறகு ஒன்று. பிறகு வெகுநேரம் எதுவுமில்லை, பிறகு இன்னும் ஒன்று. அதற்கப்புறம் வரவில்லை.

அப்பா அடங்கிவிட்டார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அவள் ஆறிய கஞ்சியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். பொழுது மேற்கே இறங்கியிருந்தது.

"கிறிஸ்டி, இங்க வந்து பாரேன்." அத்தை கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "கண்ணாடியெல்லாம் வெள்ளையா பூத்துருக்கு. அண்ணன் மொகமே தெரியல."

மூடி முழுக்க உறைபனி. கண்ணாடிக்குக் கீழே அப்பா வெறும் ஒரு நிழலாகக் கிடந்தார். அத்தை முந்தானையால் துடைத்தாள். உள்பக்கம் படிந்த பனி, துடைத்தால் போகவில்லை. ஜெபம் நின்றிருந்தது. எல்லாரும் கிறிஸ்டியைப் பார்த்தார்கள். பெட்டிக்காரி அவள்தானே.

"கொறைச்சு வைக்கிறேன் அத்தை," என்று போனை எடுத்தாள்.

அப்போது கரண்ட் போனது.

மேலே சுற்றிய ஃபேன் தளர்ந்து நின்றது. மோட்டார் ஒருமுறை உலுக்கிக்கொண்டு அடங்கியது. காலையிலிருந்து காதுக்குள் இருந்த உறுமல் போனதும், கூடம் திடீரென்று பெரிதானது. தெருவில் யாரோ, "லைன்ல வேலையாம், ஜெனரேட்டருக்குச் சொல்லுங்கப்பா" என்றார்கள். பெட்டியின் ஓரத்தில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கும் அணைந்திருந்தது. போர்டு செத்துவிட்டது. இனிமேல் கரண்ட் வரும்வரை இந்தப் பெட்டி பேசாது.

கிறிஸ்டி போனைப் பார்த்தாள்.

பதினேழாம் நம்பர் பெட்டி. இணைப்பில் உள்ளது. குளிர் மைனஸ் பத்து. எடை அறுபத்தேழு.

அவள் பெட்டியைப் பார்த்தாள். விளக்கில்லை. மோட்டார் இல்லை. போனைப் பார்த்தாள். இணைப்பில் உள்ளது. இப்போது எடை மாறி மாறி ஆடவில்லை. அறுபத்தேழிலேயே நின்றது.

இது பேசவில்லை. வேறு எதுவோ பேசுகிறது. இதன் பேரில்.

போன வாரம். இடி விழுந்து இரண்டு பெட்டிகளின் போர்டு கருகியது. பதினேழும் ஒன்பதும். அவள் ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து பதினேழின் புதுப் போர்டில் செருக, பெட்டியின் பேர் அடங்கிய மெமரி கார்டு ஒன்று எழுதினாள். ஒன்பதுக்குத் தனியாக எழுத நேரமில்லை. அதையே அப்படியே நகல் எடுத்தாள், பேரை மட்டும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. நர்ஸ் கூப்பிட்டாள், அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று. எழுந்து ஓடினாள். இரண்டு கார்டையும் இளையபெருமாள் வந்து வாங்கிக்கொண்டு போனார். பேரை மாற்றவே இல்லை.

ஒரே பேரில் இரண்டு பெட்டி வந்தால் கிளவுட் கேள்வி கேட்காது. புதிதாக வந்ததை உள்ளே விடும், இருந்ததை வெளியே தள்ளும். தள்ளப்பட்டது மறுபடி வந்து மற்றதைத் தள்ளும். நாள் பூரா மாறி மாறி. இவள் கேட்டது எல்லாம் இரண்டுக்கும் போயிருக்கிறது. பூட்டு. குளிர். எல்லாம்.

ஒன்பதாம் நம்பர் உடையார்பாளையம் குடோனில் இருக்கிறது. காலியாக. தகரக் கூரை போட்ட குடோன், சுற்றிலும் முந்திரிக் காடு, பகலில் உள்ளே நிற்க முடியாது. அதனால் இளையபெருமாள் என்ன செய்வார் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்டிக்கும் தெரியும். ஒரு காலிப் பெட்டியை இருபத்து நாலு டிகிரியில் ஓடவிட்டு, காற்று வர மூடி இடுக்கில் துண்டை மடித்துச் செருகி, ஷட்டரை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு, பெட்டிக்குள் ஏறிப் படுத்துவிடுவார். 'ஏசி ரூம்ல இருக்கேன்' என்று போனில் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள்.

பெட்டியில் உள்ளே இருந்து திறக்க வழி வைக்கவில்லை. உள்ளே இருப்பவர் திறப்பார் என்று யார் நினைப்பார்கள்?

இவள் அனுப்பிய பூட்டு, இடுக்கில் செருகிய துண்டையும் நசுக்கி மூடியிருக்கிறது. அவர் தள்ளியிருக்கிறார். தள்ளத் தள்ள, இழுக்கப்படுகிறது என்று பெட்டி சொல்லியிருக்கிறது. விதி பூட்டை இறுக்கியிருக்கிறது. இரண்டு டிகிரி இறக்கியிருக்கிறது. மறுபடி தள்ளியிருக்கிறார். மறுபடி இரண்டு டிகிரி.

அவள் போன் அதிர்வை அணைத்திருந்தாள்.

திற. அனுப்பினாள். இந்தப் பெட்டி அணைந்து கிடந்ததால் குறுக்கே வர யாருமில்லை. உடனே பதில் வந்தது. பூட்டு திறந்தது. குளிரை நிறுத்து. நின்றது.

இப்போது தள்ளுங்கள் அண்ணே. தள்ளுங்கள்.

எதுவும் வரவில்லை.

இளையபெருமாளின் நம்பரை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சுவர்ப் பலகையில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுப்பார். மதியம் யாராவது கூப்பிட்டிருந்தால், பெட்டிக்குள் கிடந்தபடி அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். நின்றது. மறுபடி அழைத்தாள். நின்றது.

ராஜதுரையை அழைத்தாள். தன் குரல் நிதானமாக இருப்பதைத் தானே கேட்டாள்.

"சார், குடோனுக்குப் போங்க. இளையபெருமாள் அண்ணன் ஒம்பதாம் நம்பர் பெட்டிக்குள்ள இருக்காரு. பூட்டிருச்சு."

"என்னம்மா சொல்ற? அவன் ராத்திரி சவாரிக்கு வரணுமே, போன எடுக்கலன்னு இப்பதான் திட்டிக்கிட்டிருந்தேன். நான் இங்க உடையார்பாளையத்துலதான் நிக்கிறேன்..."

"ஓடுங்க சார்."

"எப்பப் பூட்டுச்சு?"

அவள் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஓடமாட்டார் என்று பட்டது.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. பெட்டி ஒரு முறை இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. "மாதாவே, நல்லவேளை" என்றாள் அத்தை. பெண்கள் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்கள். கிறிஸ்டி சுவரில் சாய்ந்து நின்றாள். உறைந்த கண்ணாடிக்குக் கீழே இருந்த அப்பாவின் முகம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அமைதியான முகம். நாள் பூரா இவர்தான் தள்ளுகிறார் என்று நினைத்தாளே. அப்பாவே ஆனாலும் பூட்டித்தானே வைத்தாள்.

போன் ஒளிர்ந்தது. ராஜதுரை. வீடியோ அழைப்பு.

முதலில் தரை. ஓடும் செருப்பு. மூச்சிரைப்பு. தகர ஷட்டரை யாரோ கம்பியால் நெம்பும் சத்தம், அது உயரும்போது எழுந்த கிறீச்சல். உள்ளே இருட்டு. பிறகு சாய்ந்த வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. சுவரோரம் வரிசையாகப் பெட்டிகள். ஒன்றில் மட்டும் மூடி வெள்ளையாக இருந்தது. பெட்டிக்கு வெளியே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து வைத்தபடி.

"இளையபெருமாளு. ஏய். இளையபெருமாளு."

ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ராஜதுரை மூடியைப் பிடித்தார். "பூட்டு தொறந்துதான் இருக்கு" என்றார். யாரிடமோ சொல்வது மாதிரி. தூக்கினார். விளிம்பில் ஒட்டியிருந்த பனி உரிந்து கிழிந்தது. வெண்புகை பெட்டியிலிருந்து வழிந்து தரையில் பரவியது.

படம் அங்கேயே நின்றது.

கிறிஸ்டிக்குப் பின்னால் பெண்கள் குரல் உயர்ந்து இறங்கியது. அவள் பார்த்தாள். பார்வையை எடுக்க முடியவில்லை.

மூடி இல்லை. மேலே வெறும் காற்று. புகைக்குள்ளிருந்து இரண்டு கைகள் நிமிர்ந்து நின்றன. முழங்கை மடங்கி, விரல்கள் விரிந்து, உள்ளங்கைகள் மேல்நோக்கி, கண்ணாடி இருந்த அதே உயரத்தில். தள்ளிக்கொண்டே.